'கட்டைவிரல் பியானோ' வேண்டாமே: இம்பிராவுக்கு ஒரு தமிழ்ச்சொல்

நண்பர்களே,

சிம்பாப்வேயின் சோனா மக்களுடைய இம்பிரா என்ற கருவிக்குக் 'கட்டைவிரல் பியானோ' என்று தமிழ்ப்பெயர் முன்மொழிந்திருக்கிறீர்கள். இது வேண்டாம் என்பது என் கருத்து. பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டும். இதில் சுத்தியலும் இல்லை, கம்பியும் இல்லை. மரப்பலகை ஒன்றில் தட்டையாக அடித்த இரும்புப் பட்டைகளை (முன்னோர் வழிபாட்டில் வாசிக்கும் பெரிய வகையில் 22 முதல் 28 வரை) வரிசையாக இறுக்கியிருப்பார்கள், எழும்பி நிற்கும் நுனியை அழுத்தி விட்டால் பட்டையே அதிர்ந்து ஒலிக்கும். அப்புறம், கட்டைவிரல் மட்டும் வாசிப்பதில்லை, வலது ஆள்காட்டி விரல் கீழிருந்து மேலாகத் தெறிக்கும்.

'விரல்யாழ்' என்று வைக்கலாமே என்றால், கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் யாழ் நரம்புக்கருவி. நம் பழைய பகுப்பில் இதைக் கஞ்சக்கருவி (உலோகக்கருவி) என்றுதான் வைக்க முடியும், அதிலும் ஒரு சிக்கல்: கேமரூனில் மூங்கில் பட்டை வைத்த கருவிகளும் உண்டு. ஆகவே பெயரில் இரும்போ வெண்கலமோ வரக்கூடாது.

நம்மிடமே இருக்கும், வாயில் வைத்து வாசிக்கும் மோர்சிங்கைப் பாருங்கள். 1914இல் இசை ஆய்வாளர்கள் ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் வெளியிட்ட கருவிப் பகுப்பில் மோர்சிங் வகைக்கு எண் 121, இம்பிரா வகைக்கு 122, இரண்டும் அடுத்தடுத்து. மோர்சிங்கின் நடுவே அதிரும் பட்டையை நாம் நாக்கு என்றுதான் சொல்கிறோம். அதனால் குடும்பம் முழுவதற்கும் 'நாக்கருவி', பலகையில் நாக்குகள் வரிசையாக இருப்பதற்கு 'நாப்பலகை' என்று வைக்கலாம். மணிக்கும் நாக்கு உண்டே என்று கேட்பீர்கள். அந்த நாக்கு மணியை அடிக்கிறது, ஒலிப்பது மணி. இங்கே ஒலிப்பதே நாக்கு. குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

நாப்பலகை பொதுப்பெயர் மட்டுமே. சோனா கருவியை அவர்கள் பெயரால்தான் அழைக்க வேண்டும், ஏனென்றால் விடிய விடிய நடக்கும் பிரா சடங்கில் முன்னோரின் ஆவியை அழைக்கும் கருவி அது. 1950களில் இசை ஆய்வாளர் ஹியூ ட்ரேசி தென்னாப்பிரிக்காவில் செய்து விற்ற கலிம்பா என்ற கருவியும், இன்று இணையத்தில் வாங்கும் 17 நாக்குக் கலிம்பாவும் நாப்பலகைதான், ஆனால் இம்பிரா அல்ல. எழுத்தில் 'ம்பிரா' என்று மெய்யில் தொடங்குவதைவிட 'இம்பிரா' நல்லது. ம்-க்குப் பின் வரும் ப-வை அம்பு, தம்பி போல நாம் தானாகவே சரியாக ஒலித்துவிடுவோம், தனிக்குறிப்பே தேவையில்லை.

இன்னொன்று. பலகையில் சிப்பியோ சோடா மூடியோ கட்டி ஒரு கரகரப்பை வரவழைப்பார்கள். மொழிபெயர்ப்பில் இதற்கு 'இரைச்சல்' என்று பார்த்தேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தம்புராவில் கம்பி ரீங்கரிக்க அடியில் நூல் வைப்பதை (ஜீவா பிடிப்பதை) நாம் இரைச்சல் என்போமா? 'ரீங்காரம்' என்றே எழுதுவோம்.

மோர்சிங் வாசிப்பவர்கள் யாராவது இருந்தால், 'நாக்கருவி' உங்கள் காதுக்கு ஒட்டுகிறதா என்று சொல்லுங்கள்.