கோத்தகிரி வீட்டில் பழைய ஃபயர்பிளேஸ் இருக்கிறது. அதையே மூட்டலாமா, இரும்பு அடுப்பு வாங்கலாமா?

கேட்டவர்: தேன்மலர்_கோத்தகிரி

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய கருங்கல் வீட்டுக்குக் குடி வந்திருக்கிறோம். சொந்த வீடுதான். ஹாலில் செங்கல் ஃபயர்பிளேஸ் ஒன்று இருக்கிறது, ஓட்டுக்கூரைக்கு மேலே சிம்னியும் தெரிகிறது. பல வருஷமாக யாரும் மூட்டவில்லை என்று விற்றவர் சொன்னார். ஹால் 15க்கு 14 அடி, உயரம் 10 அடி. படுக்கையறையில் ஒன்றும் கிடையாது.

அம்மாவுக்கு 74 வயது, ஆஸ்துமா உண்டு. போன டிசம்பரில் சாயங்காலம் ஆனாலே கை விரல் மரத்துப்போகிறது என்று போர்வையை விட்டு வெளியே வரவில்லை. இந்தக் குளிருக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

கடைக்காரர் ஒருவர் விறகு போட்டு எரிக்கும் 12 கிலோவாட் இரும்பு அடுப்பு ஒன்றைக் காட்டி, வீடு முழுக்கச் சூடாகும் என்கிறார். தம்பி சிலிண்டர் வைத்த கேஸ் ஹீட்டர் போதும் என்கிறான். பக்கத்து வீட்டு அக்கா, இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூர்த்தி_கோவை

மரம், புகை எதுவுமே வேண்டாம் சகோதரி. எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 2000 வாட் என்றால் முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட், அறை சூடானதும் தானே நின்று நின்று ஓடும். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் விறகைப் பற்றி யோசிப்பதே தப்பு என்பது என் கருத்து.

பதில்: குன்னூர்_சிம்னி_வேலை

சகோதரி, நான் குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் எஸ்டேட் பங்களாக்களின் ஃபயர்பிளேஸ், சிம்னி வேலை செய்கிறவன். எங்கப்பாவும் இதே வேலைதான்.

முதலில் அந்தக் கரிச்சட்டி. தயவுசெய்து வேண்டாம். கரியில் புகை தெரியாது, அதனால்தான் ஆபத்து. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், அப்படியே தூக்கம். கொடைக்கானலிலும் ஊட்டிப் பக்கமும் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த அக்கா வீட்டிலும் போய்ச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்போது ஃபயர்பிளேஸ். பார்க்க அழகுதான், ஆனால் திறந்த நெருப்பில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு சூடுதான் அறைக்கு வரும். மீதி சிம்னி வழியாகப் போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் வெளிக்குளிர் உள்ளே வரும். முன்னால் உட்கார்ந்தால் முகம் சுடும், முதுகு குளிரும். அம்மாவுக்கு இது உதவாது.

கதவும் கண்ணாடியும் உள்ள மூடிய இரும்பு அடுப்பு வேறு கதை. காற்றை அளந்து விடலாம், நல்ல அடுப்பு என்றால் விறகின் சூட்டில் பாதிக்கு மேல், எழுபது சதவீதம் வரைகூட அறைக்குக் கிடைக்கும். அதை உங்கள் ஃபயர்பிளேஸ் குழிக்குள்ளேயே உட்கார வைக்கலாம்.

ஆனால் 12 கிலோவாட் வேண்டவே வேண்டாம். உங்கள் ஹாலின் கொள்ளளவு 2100 கன அடி, அதாவது சுமார் 59 கன மீட்டர். 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது தோராயக் கணக்கு, அப்படி வகுத்தால் 4 கிலோவாட் சொச்சம் வரும். சுவர் கருங்கல், ஜன்னல் பழசு, கொஞ்சம் கூட்டிப் போட்டாலும் 5 கிலோவாட் தாராளம். பெரிய அடுப்பை வாங்கினால் சூடு தாங்காமல் காற்றை அடைத்து வைப்பீர்கள். விறகு எரியாமல் புகையும். அந்தப் புகை சிம்னிச் சுவரில் தாராகப் படியும். பழைய சிம்னிகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்பாக, கண்ணாடி போலப் பளபளவென்று ஒட்டியிருக்கும். சுரண்டினாலும் வராது. என்றைக்காவது ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். சிம்னிக்குள் தீப்பிடித்தால் அடுத்தது கூரைச் சட்டம்தான்.

அதனால் அடுப்புக்கு முன்கூட்டியே சிம்னியைப் பார்க்க வேண்டும். பரணில் ஏறி, சிம்னி கூரையைத் தாண்டும் இடத்தைப் பாருங்கள். செங்கல் இணைப்பில் பழுப்புக் கறை இருந்தால் அங்கே புகை கசிந்திருக்கிறது. சாந்தை ஓர் ஆணியால் கீறுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் அந்தச் சிம்னியை நம்பி எதையும் மூட்டக் கூடாது. மேலே குருவிக்கூடோ தேன்கூடோ அடைத்திருக்கும், அதையும் எடுக்க வேண்டும். எது எப்படியிருந்தாலும் உள்ளே அடியிலிருந்து தலை வரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை இறக்கிவிடுவதுதான் என் வழக்கம். பெரும்பாலான சின்ன அடுப்புகளுக்கு 5 அல்லது 6 அங்குலக் குழாய் போதும், அடுப்பின் புகை வெளியேறும் வாய் அளவுக்குக் குறையக் கூடாது. செலவு அடுப்புக்குச் சமமாகக்கூட வரலாம். அடுப்பில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

சிம்னித் தலை, கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் வேண்டும். பக்கவாட்டில் 10 அடிக்குள் கூரை உச்சி இருந்தால் அதைவிட 2 அடி கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று மாறும்போது புகை ஹாலுக்கே திரும்பும். மேலே ஒரு தொப்பியும் போடுங்கள், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

மூர்த்தி அண்ணா சொன்னதில் ஒரு பாதி எனக்குச் சம்மதம். அம்மா படுக்கும் அறைக்கு எண்ணெய் ரேடியேட்டர்தான். அங்கே நெருப்பு எதுவும் கூடாது. பழைய வீட்டு ஒயரிங்கை ஓர் எலக்ட்ரீஷியனிடம் காட்டி, அதற்கென்று தனியாக 16 ஆம்ப் பிளக் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள். ஆனால் மழையிலும் காற்றிலும் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊர் இது. ராத்திரி முழுக்க வராது. அப்போது ஹாலில் ஓர் இரும்பு அடுப்பு இருந்தால்தான் வீடு தாங்கும்.

பதில்: லவ்டேல்_ஆசிரியர்

கேஸ் ஹீட்டரைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் ஓட்டினோம். வெளியே குழாய் போகாத ஹீட்டர் என்றால் எரிந்த வாயு எல்லாம் அறைக்குள்ளேதான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். காலையில் ஜன்னலில் தண்ணீர் வழியும், பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. ஆஸ்துமாவுக்கு அந்தப் பூஞ்சை சுத்தமாக ஆகாது. ஆக்ஸிஜன் குறைந்தால் தானே அணையும் மாடல்கள் இந்த உயரத்தில் அடிக்கடி காரணமில்லாமல் அணையவும் செய்யும். தம்பியிடம் சொல்லுங்கள்.

பதில்: தேன்மலர்_கோத்தகிரி

மிக்க நன்றி. கரிச்சட்டியும் கேஸும் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அக்காவிடமும் பேசினேன், சட்டியை வெளியே எடுத்துவிட்டார். இன்னும் இரண்டு கேள்வி. மூடிய அடுப்பானாலும் கதவைத் திறக்கும்போது புகை வராதா? விறகு எது நல்லது?

பதில்: குன்னூர்_சிம்னி_வேலை

அக்கா கேட்டுக்கொண்டது பெரிய விஷயம், சந்தோஷம்.

புகை வரும், திடீரென்று திறந்தால். முதலில் காற்றுத் திறப்பை முழுசாகத் திறந்துவிட்டு, கதவை ஒரு விரல் அளவு நீக்கிக் கொஞ்சம் நேரம் விட்டு, அப்புறம் மெதுவாகத் திறங்கள். கொழுந்து விட்டு எரியும்போது திறக்காதீர்கள், தணலாக இருக்கும்போது கட்டை போடுங்கள். சாம்பலை ஆறிய பிறகு, அம்மா ஹாலில் இல்லாத நேரத்தில், மூடியுள்ள தகர வாளியில் அள்ளுங்கள். இவ்வளவு செய்தும் அவருக்கு இருமல் வந்தால் அவர் இருக்கும்போது மூட்டவே வேண்டாம், ஹாலுக்கும் ஒரு ரேடியேட்டர் வாங்குங்கள். மருத்துவரிடமும் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விறகில் சீகைக்கு, அதாவது வாட்டில் மரத்துக்கு, முதலிடம். கனமான மரம், நின்று எரியும், தணல் நல்லா நிற்கும். கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், சீக்கிரம் பற்றும், சூடும் அதிகம், ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சில்வர் ஓக் மளமளவென்று எரிந்து தீர்ந்துவிடும், மூட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். சைப்ரஸ் பொறி தெறிக்கும். பெயின்ட் அடித்த பழைய பலகை, பிளைவுட் எதையும் போடாதீர்கள், அந்தப் புகை விஷம்.

மழைக்காலத்தில் எடை போட்டு வாங்கினால் பாதி காசு தண்ணீருக்குத்தான். பிப்ரவரி, மார்ச்சில் வாங்கிப் பிளந்து, மேலே மட்டும் கூரை போட்டு, பக்கம் திறந்த கொட்டகையில் அடுக்குங்கள். இரண்டு கட்டையைத் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும், 'தொப்' என்றால் இன்னும் ஈரம். இந்த வருஷத்துக்குக் காய்ந்த விறகு கிடைக்காவிட்டால் ஹாலுக்கும் ரேடியேட்டரையே ஓட்டுங்கள். ஈர விறகில் புது அடுப்பைத் தொடங்க வேண்டாம்.

கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இரண்டு வாங்குங்கள், ஒன்று ஹாலுக்கு, ஒன்று அம்மா அறைக்கு. புகை அலாரம் வேறு, இது வேறு, கடையில் பார்த்துக் கேளுங்கள். பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். பரணில் எடுத்த சிம்னிப் படத்தை இங்கே போடுங்கள், குழாய் எந்த அளவு என்று சொல்கிறேன்.