மாபிள் தரையில் மங்கிப்போன வட்டங்கள்: பளபளப்பு திரும்ப வருமா?

மூடுபனி (ஹட்டன்):
வீட்டில் வெள்ளை மாபிள் தரை. சாமி அறை வாசலில் வெள்ளிக்கிழமை தேசிக்காய் விளக்கு வைக்கிற இடத்தில் ஐந்தாறு வட்டம் மங்கிக் கிடக்கு, ஒவ்வொன்றும் அரைத் தேசிக்காய் அகலம். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் கண்ணைக் குத்துது. கழிப்பறை வாசலிலும் தெறிச்ச மாதிரிப் புள்ளிகள், அங்க விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கு. கடையில் மெழுகு போடச் சொல்றாங்க. முழுத் தரைக்கும் மெஷின் போடணுமா?

கல்லுளி (கண்டி):
மெழுகு வேண்டாங்க. அது அழுக்கைப் பிடித்து மஞ்சளாகும், பிறகு அதையும் உரிக்கணும். முழுத் தரைக்கும் மெஷினும் தேவையில்லை.

இது கறை இல்லை. மாபிள் என்பது கல்சியம் காபனேற்று; தேசிக்காய்ப் புளி பட்டதும் மேல்தோல் கரைந்துவிடும். கழிப்பறை வாசலில் இருப்பது கழுவுகிற அசிட் தெறித்த இடம், அது இன்னும் ஆழமாகத் தின்றிருக்கும். எண்ணெய்க் கறை என்றால் இருண்டு தெரியும், அசிட் தின்ற இடம் வெளிறித் தெரியும். விளக்கு வைத்த இடத்தில் இரண்டும் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் முதலில் எண்ணெயை எடுங்க: அப்பச்சோடாவைத் தண்ணீரில் களியாகக் குழைத்து அரை விரல் தடிப்பில் பூசி, பொலித்தீனால் மூடி ஒரு நாள் விடுங்க. பிறகு பொலித்தீனை எடுத்துக் காயவிட்டு வழித்தெடுங்க.

விரலுக்கு வழவழப்பாக இருக்கிற வட்டங்களுக்கு மாபிள் பொலிஷிங் பவுடர் போதும். ஒரு தேக்கரண்டி தூளுக்குத் தண்ணீர் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுத் தயிர்ப் பதமாக்குங்க. வெள்ளை ஃபெல்ட் துண்டால் அழுத்தி, சுற்றிச் சுற்றி இரண்டு மூன்று நிமிஷம் தேயுங்க. களி காயவே கூடாது. பல பவுடர்களில் ஒக்சாலிக் அசிட் இருக்கு. காயக் காயத் தேய்த்தால் அதுவே கல்லைத் தின்று தோடம்பழத் தோல் மாதிரி ஆக்கிவிடும். ஈரமாக இருக்கும்போதே வழித்து, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் துடையுங்க. போதவில்லை என்றால் இன்னொரு தரம்.

சொரசொரப்பான புள்ளிகளுக்கு வைரப் பேட் (வைரத்தூள் பதித்த தேய்ப்புத் துண்டு) வேணும். கையால் பிடித்துத் தேய்க்கிற பேட் போதும். பேட்டில் போட்டிருக்கிற எண் கூடக் கூட நயம், குறையக் குறையக் கரடு. 800இல் தொடங்கிப் பாருங்க, பள்ளம் போகாவிட்டால் மட்டும் 400க்கு இறங்குங்க. 400, 800, 1500, 3000 என்று ஏறி, கடைசியில் பவுடர். எல்லாமே தண்ணீர் விட்டுத்தான். ஒவ்வொரு பேட்டுக்கும் முந்தியதற்குக் குறுக்காகத் தேய்த்து, இரண்டு அங்குலம் வெளியே அகட்டிக்கொண்டு போங்க. இல்லாவிட்டால் குழி விழுந்து, விளிம்பு வளையமாகத் தெரியும். பேட் மாற்றும்போது சேற்றை முழுக்கத் துடைங்க. 400இன் ஒரு மணல் மிஞ்சினாலும் 3000 வரை கீறிக்கொண்டே போகும். கடைசியில் சாம்பல் நிறம் தங்கினால் முதல் பேட்டின் கீறல் போகவில்லை என்று அர்த்தம். அதற்குப் பவுடரைக் கூட்டிப் பயனில்லை, திரும்ப இறங்கத்தான் வேணும்.

பனிமலை (நுவரெலியா):
நம்ம பக்கத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். மங்கிய இடத்தில் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது உவர்; ஈரம் கீழிருந்து ஏறி உப்பைக் கொண்டுவருது. அதை எத்தனை தரம் பொலிஷ் பண்ணினாலும் திரும்ப வரும். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க. அடியில் வியர்த்திருந்தால் முதலில் வெளிக் கானையும் சுவரோரத் தண்ணீரையும் சரிபண்ணணும். ஈரம் இருக்கும்போது சீலர் (கறை ஊறாமல் இருக்கக் கல்லில் பூசுகிற திரவம்) போடாதீங்க, உப்பு உள்ளே அடைபட்டுக் கல்லை உதிர்க்கும். இரும்புக் கம்பளியும் வேண்டாம்: ஒரு நார் மிஞ்சினாலும் இந்த ஈரத்தில் துருக்கறை ஆகிவிடும்.

மூடுபனி (ஹட்டன்):
பொடி ஒட்டலை, அப்போ புளிதான். பொலிஷ் பண்ணிவிட்டு சீலர் அடித்தால் தேசிக்காய்க்குத் தாங்குமா?

கல்லுளி (கண்டி):
தாங்காதுங்க. சீலர் எண்ணெய், தேத்தண்ணிக் கறை ஊறுவதைத்தான் தாமதப்படுத்தும், அசிட்டைத் தடுக்காது. திகன, மாத்தளைப் பக்கத்து டொலமைற்றுக் கல் (கல்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த காபனேற்றுக் கல்) என்றால் புளிக்குக் கொஞ்சம் மெதுவாகக் கரையும், ஆனால் அதுவும் கரையத்தான் செய்யும். விளக்கை விளிம்பு உயர்ந்த பித்தளைத் தட்டில் வையுங்க. தேசிக்காயைப் பிழிந்து தோலைத் திருப்புவதையும் தட்டுக்கு மேலேயே செய்யுங்க, அந்த வட்டங்களைவிடப் பிழியும்போது தெறிக்கிற துளிகள்தான் பரவலாகக் கெடுக்கும். கழிப்பறைக்கு அசிட் இல்லாத கழுவி பாவியுங்க.