உப்புக்கும் வயிற்றுப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? கருவாட்டை என்ன செய்வது?

கொழுந்துமலை:
வணக்கம். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் அம்மாமாருக்கு ஒரு சுகாதார வகுப்பு இருக்கிறது. உப்பு கூடினால் பிரஷர் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வயிற்றில் புற்றுநோயும் வரலாம் என்றால், "அது எப்படி?" என்பார்கள். காலையில் ரொட்டியும் கட்டசம்பலும், இரவில் சோறும் கருவாடும் சாப்பிடுகிறவர்களிடம் எதைக் குறைக்கச் சொல்வது?

சிவனொளி:
உப்பு தனியாக நின்று செய்கிற வேலை இல்லை அக்கா. இரைப்பையின் உட்சுவரை வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று மூடியிருக்கிறது. அமிலம் சுவரை அரிக்காமல் காப்பது அதுதான். உப்பு மிகுந்த சாப்பாடு அந்தப் படலத்தைக் கெடுத்து, அடியிலுள்ள கலங்களை (செல்களை) புண்ணாக்கும். செத்த கலங்களை ஈடுகட்டப் புதியவை அவசரமாகப் பெருகும்; அந்த அவசரத்தில் மரபணுவில் பிழை விழ இடமுண்டு.

முதல் குற்றவாளி ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994லேயே அதைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. அது யூரியாவை உடைத்து (தேயிலைக்குப் போடும் அதே யூரியாதான், நம் உடம்பிலும் உண்டு) அமோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் குடியிருக்கும். உப்பு கூடிய சூழலில் இதன் சில வகைகள் 'காக்-ஏ' என்ற கெட்ட புரதத்தைக் கூடுதலாக உண்டாக்குவதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். பல வருட அழற்சி, சுரப்பிகள் தேய்வது, இரைப்பைக் கலங்கள் குடல் கலங்கள் போல மாறுவது, இத்தனையும் தாண்டித்தான் புற்று. கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது வருவதே இல்லை. இதையும் சொல்லிவிடுங்கள், பயந்துபோனால் அடுத்த வகுப்புக்கு ஆள் வராது.

அடுப்பங்கரை:
கணக்கை நான் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, தட்டிய தேக்கரண்டியில் ஒன்று. கருவாட்டின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். 50 கிராம் கருவாட்டை ஊறவைக்காமல் பொரித்துத் தின்றால் அன்றைய கணக்கு அதிலேயே முடிந்தது.

கருவாட்டைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, துண்டுகள் மூழ்க வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். அந்தத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு தரம். பெரிய துண்டாகப் போட்டால் நடுவிலுள்ள உப்பு வெளியே வராது. பலர் பிழைவிடுவது இதற்குப் பிறகுதான்: "ருசி போய்விடும்" என்று ஊறிய தண்ணீரையே குழம்பில் ஊற்றுகிறார்கள். குழம்புக்கு வேறு உப்பும் போடாதீர்கள், கருவாடு வெந்த பிறகு ருசி பாருங்கள்.

சம்பலில் தேசிக்காயை முன்னே கூட்டி, உப்பைக் கடைசியில் தூவினால் குறைந்த உப்பே நாக்குக்குப் போதும். சம்பலுக்குப் போடும் மாசிக் கருவாட்டிலும் உப்பு இருக்கிறது. சம்பல் உறைப்பும் உப்புமாக இருந்தால் ரொட்டி மாவுக்கு உப்பே வேண்டாம். சூப் கட்டியில் ஏறக்குறைய பாதி உப்பு. அதைப் போட்ட கறிக்கும் கைநிறைய உப்பு அள்ளிப் போடுவதை என்னவென்று சொல்வது!

கொழுந்துமலை:
நன்றி. கடையில் சோடியம் குறைந்த உப்பு விற்கிறார்களே, அதை மாற்றலாமா? கிருமி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மாத்திரைப்பெட்டி:
அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் ஒரு பங்கு பொட்டாசியம். சுகதேகிகளுக்குப் பிரச்சினையில்லை. சிறுநீரக நோயாளிகளும், பிரஷருக்கு எனலாபிரில், லோசார்டன் குடிப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது; இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு குழம்பும். கருவாட்டு உப்பை இது குறைக்கவும் செய்யாது.

கிருமியை மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கண்டுபிடிக்கலாம். பரிசோதனைக்கு முன் ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்துகளை இரண்டு வாரமும், அன்டிபயோட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் "இல்லை" என்று ரிப்போர்ட் வரும். தானாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தட்டும். சிகிச்சை வழக்கமாக 14 நாள். வலி குறைந்ததும் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

சாப்பிட்டது இறங்காமல் தடைப்படுவது, காரணமில்லாமல் மெலிவது, ஓயாத வாந்தி இருந்தால் பார்மசியில் காஸ்ட்ரிக் மருந்து வாங்கி நாள் கடத்தாமல் என்டோஸ்கோபிக்கு (வாய் வழியே கமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) போகவேண்டும். மலம் தார் மாதிரிக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி. இரும்புக் குளிசை குடிக்கும் கர்ப்பிணிகளுக்கும் மலம் கறுக்கும், அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.