அரியலூர் பாறை அடுக்குகள்: கல்லைப் பார்த்துப் பிரிப்பதா, புதைபடிவத்தைப் பார்த்தா?

(பாறையின் பக்கம் பேசுபவர் மணற்கல். புதைபடிவத்தின் பக்கம் பேசுபவர் அம்மோனைட்; அது அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரி ஒன்றின் பெயர். இடையில் பேசும் ஊர்க்காரர் கல்லக்குடி.)

மணற்கல்:
திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) கடல் படிவுகளை 1862-இல் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று குரூப்பாக, அதாவது பல அடுக்குகள் சேர்ந்த பெரிய தொகுதிகளாகப் பிரித்தார். இன்றும் மாணவர்கள் அதைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பிரிவினையில் புதைபடிவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஃபீல்டில் நிற்கும்போது கண்ணில் படுவது காரை என்ற ஊரின் ஜிப்சம் ஓடிய களிப்பாறை, கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல். குரூப்பை விட்டுவிட்டு, கல்லின் தன்மையால் பிரியும் தனி அடுக்கான ஃபார்மேஷனிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும்.

அம்மோனைட்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊட்டத்தூர் படிவுக்கும் திருச்சினாப்பள்ளி படிவுக்கும் நடுவே படிவது நின்று அரிப்பு நடந்த தடம் இருக்கிறது. குரூப் வெறும் சிப்பிக் கணக்கு இல்லை. அப்புறம், திருச்சினாப்பள்ளி குரூப்பின் கருடமங்கலத்திலும் மணற்கல், அரியலூர் குரூப்பின் சில்லக்குடியிலும் மணற்கல். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எது எது என்று சொல்ல முடியுமா?

மணற்கல்:
வயது சொல்ல அம்மோனைட் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஃபார்மேஷனுக்குப் பன்னாட்டு விதி கேட்பது வேறு: பாறையின் தன்மையால் பிரிந்து தெரிய வேண்டும், மேப்பில் வரைய முடிய வேண்டும். கிழக்கிலிருந்து கடல் ஏறி வரும்போது கரையோர மணல் எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் படிவதில்லை. ஒரே மணற்கல் அடுக்கு மேற்கே போகப்போக இளையதாகிக்கொண்டே வரலாம். காலத்தை வைத்துக் கோடு போட்டால் அந்த அடுக்கை நடுவில் வெட்ட வேண்டியிருக்கும். நாளை ஒரு புதைபடிவத்தின் வயது திருத்தப்பட்டால் கோடும் நகரும்.

அம்மோனைட்:
அப்படியென்றால் கல்லங்குறிச்சியை எதை வைத்து அடையாளம் காண்கிறீர்கள்? கிரைஃபியா சிப்பிகளை வைத்துத்தானே?

மணற்கல்:
அங்கே சிப்பி வயதுக்குச் சாட்சியாக வரவில்லை, கல்லே சிப்பியால் ஆனது. சிமெண்ட் சுரங்கங்களில் வெட்டப்பட்ட சுவரைப் பாருங்கள், தடித்த ஓடுகள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். புதைபடிவம் பாறையின் உடலாகவே இருந்தால் அதைப் பாறைத் தன்மையாக எடுத்துக்கொள்ள விதியும் இடம் தருகிறது.

கல்லக்குடி:
இடையில் ஒன்று. டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்ற 1953-இல் போராட்டமே நடந்த ஊர் எங்களுடையது. அடுக்கு மட்டும் ஏன் இன்னும் டால்மியாபுரம் ஃபார்மேஷன்?

மணற்கல்:
உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் ஊர்ப் பெயர் மாறினால் அடுக்கின் பெயரை மாற்றக் கூடாது என்பதே வழக்கம். மாற்றினால் பழைய மேப்பும் புதிய கட்டுரையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.

அம்மோனைட்:
பழைய பெயரைக் காப்பாற்ற இவ்வளவு சொல்கிற நீங்கள் பிளான்ஃபோர்டின் குரூப்பை மட்டும் ஏன் தள்ளுகிறீர்கள்? சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு ஆகிய நான்கையும் சேர்த்து அரியலூர் குரூப்பாகப் படித்தால்தான், கடல் ஏறி வந்ததும் கடைசியில் விலகி டைனோசர் எலும்புகள் புதைந்த கல்லமேட்டு நிலம் மிஞ்சியதும் ஒரே தொடராகப் புரியும். கல்லங்குறிச்சி விஷயத்தில் உங்கள் பதில் சரி. மணற்கல் கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. கருடமங்கலம் எங்கே முடிகிறது, சில்லக்குடி எங்கே தொடங்குகிறது? புதைபடிவத்தைத் தொடாமல் மேப்பில் வரைந்து போடுங்கள்.