ஃபிளாஷ் அடித்தால் பாம்புக்குக் கண் போய்விடுமாம்!

செதில்ராஜா: ஒருவர் தன் பால் பைத்தானை (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு) ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்துக்குக் கீழே, "பாம்புக்கு இமை கிடையாது, குருடாகிவிடும்" என்று ஒரு மேதை தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஃபிளாஷால் குருடான பாம்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கட்டுவிரியன்: அந்த மேதை நான்தான். பெயர் சொல்லியே எழுதலாமே? பாம்புக்கு இமை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

செதில்ராஜா: இல்லை. இருந்தாலும் உதவாது. கண் சிமிட்ட நமக்கே கிட்டத்தட்ட 0.1 நொடி ஆகும். ஃபிளாஷ் முழு பவரில் அடித்தாலும் 0.01 நொடிக்குள் ஓய்ந்துவிடும். உங்கள் இமை மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் ஐயா.

கட்டுவிரியன்: சுற்றி வளைக்க வேண்டாம். இமை இல்லை என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

செதில்ராஜா: கண்ணுக்கு மேல் ஒளி புகும் செதில் ஒன்று இருக்கிறது. உரித்த சட்டையில் தலைப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள், கான்டாக்ட் லென்ஸ் மாதிரி இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பாம்பு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். நீங்கள் வளர்க்கிறீர்கள்தானே?

கட்டுவிரியன்: ஒளி புகுமாம், அதைப்போய் இமை என்கிறார்!

சோளப்பாம்புக்காரி: ஒரு சந்தேகம். என்னுடையது அல்பினோ. ஃபிளாஷ் அடித்தாலே தலையை இழுத்துக்கொள்கிறது. டிஃப்யூசர் (ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் மறைப்பு) போடலாமா?

செதில்ராஜா: போடுங்கள். அல்பினோவுக்குக் கண்ணில் கருநிறமி கிடையாது, கூசும். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் மேலே வைத்து, பவரைக் குறைத்து அடியுங்கள். நேராக அடித்தால் செதில் பளபளத்துப் படமும் வெளுத்துவிடும். தலையை இழுத்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பூத்திருந்தால் கேமராவையே தொடாதீர்கள், அப்போது அதற்குப் பார்வை மங்கல், சீறும்.

கட்டுவிரியன்: கூசும் என்று அவரே சொல்லிவிட்டார்! ஏன் கூசுகிறது? இமை இல்லை!

செதில்ராஜா: நிறமி என்று எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரியும்தானே?

இராக்கோழி: எதற்கு ஃபிளாஷ்? நான் ரிங் லைட்டில்தான் எடுக்கிறேன்.

செதில்ராஜா: சபாஷ். இரவில் நடமாடும் பிராணியின் முகத்துக்கு நேரே அரை மணி நேரம் விளக்கை எரியவிடுவீர்கள், ஒரு நொடிகூட நீடிக்காத ஃபிளாஷ்தான் ஆகாதா? போன வருடம் ஹீட் மேட் (பாம்புக் கூண்டைச் சூடாக்கும் விரிப்பு) விவாதத்திலும் இதே கூட்டம்தான்.

கட்டுவிரியன்: அதில் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) தேவையில்லை என்றது யாராம்?

செதில்ராஜா: நான் சொல்லவே இல்லை. எடுத்துப் போடுங்கள் பார்ப்போம்.

கட்டுவிரியன்: தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்குள் அழித்துவிடாதீர்கள்.