கியூபெக் பழைய நகரை வழிகாட்டியின்றி நடந்து பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

தெம்பனிஸ் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் தொடக்கத்தில் பெற்றோருடன் கனடா செல்கிறேன். மொண்ட்ரியாலில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, அங்கிருந்து ரயிலில் கியூபெக் நகருக்குப் போய் இரண்டு இரவுகள் தங்குவதாகத் திட்டம். சுற்றுலாக் குழுவில் சேர எங்களுக்கு விருப்பமில்லை. அப்பா ஒவ்வொரு தகவல் பலகையையும் நின்று நிதானமாகப் படிப்பவர். தேசிய மரபுடைமைக் கழகத்தின் மரபுடைமைப் பாதைகளை இங்கே சிங்கப்பூரில் நாங்கள் நடந்து பார்ப்பதைப் போலவே, அங்கும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வேகத்தில் நடக்க விரும்புகிறோம். ஆனால் மேல் நகரத்துக்கும் கீழ் நகரத்துக்கும் நடுவே செங்குத்தான பாறை இருப்பதாகப் படித்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கடினம். எந்த வரிசையில் நடந்தால் நகரின் வரலாறு விளங்கும்? எங்களில் எவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அம்மாவும் அப்பாவும் சைவம். போய் வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

ஈசூன் நடையாளர்:

வணக்கம் சகோதரி. கீழ் நகரத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து, ஏனென்றால் பிரெஞ்சுக் குடியேற்றம் வளர்ந்த வரிசையும் அதுதான். செயின்ட் லாரன்ஸ் ஆறு அந்த இடத்தில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் அகலத்துக்குக் குறுகுகிறது. ஆகவே பாறையின் உச்சியில் பீரங்கி வைத்திருப்பவர் ஆற்றில் போகும் கப்பல்களைத் தடுக்க முடியும், கீழே கரையில் சரக்கும் இறக்க முடியும். 1608இல் பிரெஞ்சு ஆய்வாளர் சாமுவேல் த ஷாம்ப்லேன் தம் குடியிருப்பை அந்தக் கரையில் கட்டியதற்கு இதுவே காரணம். அவ்விடம் இப்போது பிளாஸ் ரோயால் எனப்படும் சதுக்கமாக இருக்கிறது. அங்குள்ள நோத்ர்-தாம்-தே-விக்துவார் தேவாலயத்தின் முன்னால், தரையில் கருநிறக் கற்கள் பதித்திருப்பதை அப்பாவிடம் காட்டுங்கள். ஷாம்ப்லேனின் இரண்டாவது குடியிருப்பு நின்ற இடத்தை அவை குறிக்கின்றன. 1690இலும் 1711இலும் ஆங்கிலேயர் இந்நகரைப் பிடிக்க எடுத்த முயற்சிகள் கைகூடாமல் போனதற்கு நன்றியாகவே அந்தத் தேவாலயத்துக்கு வெற்றி அன்னையின் பெயர் வந்தது. 1759இல் பிரிட்டிஷ் படையின் முற்றுகையில் குண்டுவீச்சால் அது சிதைந்து, பிறகு மீண்டும் எழுப்பப்பட்டது. உள்ளே கூரையிலிருந்து தொங்கும் கப்பல் மாதிரியைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

அங்கிருந்து பெத்தி-ஷாம்ப்லேன் தெரு வழியாக, பாறைச்சரிவில் ஏறி இறங்கும் இழுவை ரயிலின் நிலையத்துக்கு வரலாம். அது 1879 முதல் இயங்கிவருகிறது. மிசிசிப்பி ஆற்றை ஆராய்ந்த லூயி ஜோலியே வாழ்ந்த வீடே அதன் கீழ் நிலையம். கட்டணம் சிறியது. அம்மா ஒரு படிகூட ஏறாமல் மேல் நகரத்தின் டஃப்பரின் நடைமேடையில் போய் நிற்கலாம். மேலே ஷாத்தோ ஃபிரோந்தெனாக்கைக் கண்டதும் பலர் அதைப் பழைய அரண்மனை என்றே நினைத்துவிடுகிறார்கள்; உண்மையில் அது கனேடியப் பசிபிக் ரயில் நிறுவனம் கட்டி 1893இல் திறந்த ஹோட்டல். அதைப் படம் எடுத்துவிட்டு நகராமல், பக்கத்திலிருக்கும் ஆளுநர் தோட்டத்தில் 1828இல் எழுப்பிய கூர்தூணுக்குச் செல்லுங்கள். 1759 போரில் எதிரெதிராக நின்று, இருவருமே உயிரிழந்த ஆங்கிலேயத் தளபதி வுல்ஃபுக்கும் பிரெஞ்சுத் தளபதி மோன்காமுக்கும் பொதுவான நினைவுச்சின்னம் அது. வென்றவரையும் தோற்றவரையும் ஒரே கல்லில் நினைவுகூரும் இடம் உலகில் அரிது. என்னை அந்நகரில் மிகவும் நெகிழவைத்த இடம் அதுவே.

கிளமெண்டி வாசகர்:

நான் அந்நகரில் சில ஆண்டுகள் படித்தவன். மேலே நண்பர் சொன்ன வரிசை நல்லது; ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, 1608ஐ நகரின் தொடக்கமாக மட்டும் கொண்டு நடந்தால் கதையின் முற்பகுதி விடுபட்டுவிடும். 1535இல் பிரெஞ்சு மாலுமி ழாக் கார்த்தியே வந்தபோதே அங்கு ஸ்டாடகோனா என்ற பூர்வகுடிக் கிராமம் இருந்தது. இன்றும் வெண்டாட் என்ற பூர்வகுடி மக்களின் ஊரான வெண்டாக்கே, கியூபெக் நகரத்திற்கு வடக்கே சிறிது தொலைவில்தான் உள்ளது. நேரம் கிடைத்தால் ஒரு பிற்பகலை அதற்கு ஒதுக்குங்கள்.

இரண்டாவது, பார்ப்பதெல்லாம் அப்படியே பழையது என்று கொள்ள வேண்டாம். பிளாஸ் ரோயாலைச் சுற்றியுள்ள வீடுகள் பல, 1970களில் பிரெஞ்சு ஆட்சிக்காலத் தோற்றத்துக்குத் திருப்பிக் கட்டப்பட்டவை. அதற்காகப் பின்னாளைய சேர்க்கைகள் அகற்றப்பட்டன. நகரைச் சூழ்ந்த மதிலின் கதை இதற்கு நேர்மாறானது. 1871இல் பிரிட்டிஷ் படை வெளியேறியதும் மதில் வண்டிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கருதப்பட்டு, வாயில்கள் இடிக்கப்பட்டன. அப்போது கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த டஃப்பரின் பிரபு தலையிட்டு, வாயில்களை அகலமாகத் திரும்பக் கட்டச் செய்து, மதிலைக் காப்பாற்றினார். நம் ஃபோர்ட் கெனிங்கில் ஒரு வாயிலும் மதிலின் துண்டும்தான் எஞ்சியுள்ளன. அங்கோ ஏறத்தாழ 4.6 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் நிற்கிறது. மெக்சிகோவுக்கு வடக்கே மதில் அழியாமல் நிற்கும் நகரம் இது ஒன்றே. 1985இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. மதிலின் மேல் நடக்கக் கட்டணமில்லை. அப்பாவுக்கு முழுக் காலைப்பொழுதையும் அங்கே கொடுத்துவிடுங்கள்.

புக்கிட் பாத்தோக் அக்கா:

நடைமுறைச் செய்திகள் சிலவற்றை நான் சொல்கிறேன். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா தேவையில்லை என்றாலும் விமானம் ஏறுமுன் மின்னணுப் பயண அனுமதி பெற்றிருக்க வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் "போன்ஷூர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அங்கு அது அடிப்படை மரியாதை. அதன்பின் பழைய நகரப் பகுதியில் பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே உதவுவார்கள். கனடாப் பூங்கா அமைப்பின் பலகைகள் இரு மொழிகளிலும் இருக்கும். பிரெஞ்சில் மட்டும் இருக்கும் பலகைகளுக்குக் கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் என்றால் கவனம் தேவை. மரபான பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம்; பூட்டின் எனும் உருளைக்கிழங்கு வறுவலின் மேல் ஊற்றும் குழம்பும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்வது. பாலாடைக்கட்டியும் காளானும் வைத்த கிரெப் பாதுகாப்பான தேர்வு. ஆனாலும் கேட்டுவிட்டே வாங்குங்கள். அக்டோபரில் ஆற்றங்காற்று குளிரும் என்பதால் அம்மாவுக்குத் தடித்த மேற்சட்டை எடுத்துச் செல்லுங்கள். சிட்டாடல் கோட்டை இன்றும் ராணுவம் பயன்படுத்தும் இடம். அதற்குள் மட்டும் வழிகாட்டியுடன்தான் போக முடியும்.

தெம்பனிஸ் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. போர் நடந்த ஆபிரகாம் சமவெளியைப் பார்க்க அப்பா ஆவலாக இருக்கிறார். டஃப்பரின் நடைமேடையிலிருந்து 310 படிகள் கொண்ட நடைபாதை அங்கே செல்வதாக அறிகிறேன். அம்மாவால் அது இயலாது. வேறு வழி உண்டா?

கிளமெண்டி வாசகர்:

உண்டு, சகோதரி. ஷாத்தோ ஃபிரோந்தெனாக் ஹோட்டலுக்கு அருகிலிருந்து செயின்ட் லூயி தெருவில் மேற்கு நோக்கி நடந்தால் படியே இல்லாமல், சற்றே ஏறும் சாலையில் செயின்ட் லூயி வாயிலை அடைவீர்கள். வாயிலைத் தாண்டியதும் வலப்புறம் கியூபெக் மாநில நாடாளுமன்றக் கட்டடம். அதன் முகப்பிலுள்ள வெண்கலச் சிலைகளை அப்பா பார்க்கட்டும். இடப்புறமாகத் திரும்பினால் சமவெளி. 1759 செப்டம்பர் 13ஆம் நாள் நடந்த போர் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அடுத்த ஏப்ரலில் அருகேயுள்ள செயின்ட் ஃபுவாவில் பிரெஞ்சுப் படை வென்றபோதும், மே மாதம் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து சேர்ந்ததால் நகரை மீட்க முடியாமல் போயிற்று. புல்வெளி நெடுகிலும் இருக்கைகள் உண்டு. அப்பா பலகைகளைப் படித்து வரும்வரை அம்மா ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம். திரும்பும்போதும் கீழ் நகரத்துக்கு இழுவை ரயிலிலேயே இறங்குங்கள்.