தங்க நிற லெஸ் பால் கிட்டாரில் கை படும் இடத்தில் பச்சை படர்கிறது: பூசணமா, தேய்மானமா?

கொருக்குப்பேட்டை கிட்டார்:

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா கப்பலில் பணியாற்றிய காலத்தில் வாங்கி வந்த கிப்சன் லெஸ் பால் கிட்டார் இப்போது என்னிடம் இருக்கிறது. 1980களில் தயாரானது. முன்பக்கம் தங்க நிறம், பின்பக்கமும் கழுத்தும் பழுப்பு. ராயபுரத்தில் தேவாலயப் பாடகர் குழுவிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் அவர் பல ஆண்டுகள் விடாமல் வாசித்த கருவி என்பதால், அதன் மேல்பூச்சு பல இடங்களில் தேய்ந்திருக்கிறது. பின்பக்கத்தில் பெல்ட் பக்கிள் உரசிய இடத்தில் மரமே தெரிகிறது. முன்பக்கத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் உள்ளன.

இவை எனக்குக் கவலை தரவில்லை. வலது முன்கை படியும் மேல் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை நிறம் படர்ந்திருப்பதுதான் அச்சமூட்டுகிறது. கடற்காற்றும் ஈரமும் உள்ள பகுதி என்பதால் பூசணம் பிடித்துவிட்டதோ என்று ஐயப்படுகிறேன். அதோடு, கருவி என் கைக்கு வந்த பிறகு அதே இடத்தைச் சுற்றிப் பூச்சு இளகி, தொட்டால் பிசுபிசுக்கிறது. சித்தப்பாவைக் கேட்டால், தம் காலத்தில் அப்படி இருந்ததே இல்லை என்கிறார். மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடும் ஒருவர், எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிட்டு பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஒப்படைக்கலாமா? அதே பாடகர் குழுவில் ஏறக்குறைய அத்தனை காலம் வாசிக்கப்பட்ட நண்பரின் ஜப்பானியக் கிட்டார் மட்டும் இப்படித் தேயாமல், அங்கங்கே சில்லு பெயர்ந்ததோடு நிற்பது ஏன் என்பதும் புரியவில்லை.

பெரம்பூர் பழுதுநீக்குநர்:

தம்பி, முதலில் அந்த பாலிஷ் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றவற்றைப் பொறுமையாகப் பார்ப்போம்.

உங்கள் கருவிக்கும் நண்பருடைய கருவிக்கும் உள்ள வேறுபாடு பூச்சின் தன்மையில் இருக்கிறது. கிப்சன் நிறுவனம் பல பத்தாண்டுகளாக இன்றுவரை நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறது. நம் ஊரில் தச்சுப் பட்டறைகளில் என்.சி. லாக்கர் என்கிறார்களே, அதே குடும்பம். தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே அது இறுகுகிறது. எத்தனை ஆண்டு கழித்துத் தின்னர் பட்டாலும் மீண்டும் கரையும். உங்கள் நண்பரின் கருவியில் இருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். இவை வேதிவினையால் பிணைந்து இறுகுபவை; ஒருமுறை இறுகிய பின் கரைவதில்லை. இன்னொரு கிட்டார் நிறுவனமான ஃபெண்டரும் 1960களின் பிற்பகுதியில்தான் லாக்கரிலிருந்து தடித்த பாலியெஸ்டருக்கு மாறியது. கை உராய்வால் அந்தத் தடித்த பூச்சு எளிதில் தேயாது. அடி பட்டால் மட்டும் சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடத்தின் விளிம்பு கூர்மையாக, விரல் நகம் தட்டுப்படும்படி நிற்கும்.

லாக்கர் தேயும் விதமே வேறு. சட்டைக் கையும் தோலும் வியர்வையும் நாள்தோறும் உரச உரச, முதலில் பளபளப்பு மங்கும், பிறகு மேலிருக்கும் நிறமற்ற பூச்சு மெலியும், பிறகு நிறம், அதற்கும் பிறகுதான் மரம். ஓரிடத்தில் நிறைந்து அடுத்த இடத்தில் திடீரென இல்லாமல் போகாது. மெல்ல மெல்லக் கரைந்து மறைவதைப் போல இருக்கும். விரலால் தடவினால் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. வாசிப்பவரின் உடல் எங்கெங்கே கருவியைத் தொட்டதோ அங்கங்கேதான் தேய்மானம் இருக்கும்: முன்கை படியும் மேல் விளிம்பு, வயிறும் பக்கிளும் படும் பின்பக்கம், கட்டைவிரல் ஓடும் கழுத்தின் பின்புறம், தந்தியை மீட்டும் பிக் தவறி உரசும் பகுதி. உட்கார்ந்தே வாசித்தவர் கருவியில் பின்பக்கத் தேய்மானம் குறைவாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் சித்தப்பா நின்று வாசித்தவர் என்பதை அந்தப் பின்பக்கமே சொல்கிறது.

மயிரிழை வெடிப்புகளுக்குக் காரணம் வேறு. லாக்கர் வயதாக ஆக நெகிழ்வை இழந்து முறுகிப்போகிறது. வெப்பம் மாறும்போது மரம் விரிந்து சுருங்குகிற அளவும் பூச்சு விரிந்து சுருங்குகிற அளவும் ஒன்றல்ல. குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து உச்சி வெயிலில் பெட்டியைத் திறந்தால், அந்த நொடியிலேயே கோடு விழலாம்.

இனி அந்தப் பச்சை. நான் அறிந்தவரை அது பூசணம் அன்று. லெஸ் பால் 1952இல் வெளிவந்தபோதே அதன் தங்க நிறத்துக்காக வெண்கலப் பொடியை லாக்கரில் கலந்து அடித்தார்கள். அந்தப் பொடியில் செம்பு இருக்கிறது. மேலே நிறமற்ற பூச்சு இருக்கும்வரை அது தங்கமாகவே மின்னும். முன்கை அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால், வியர்வையிலுள்ள உப்பும் ஈரமும் நேராகச் செம்பைத் தொட்டு, பாத்திரத்தில் களிம்பு ஏறுவதைப் போலப் பச்சையாக்கிவிடுகின்றன. நன்கு வாசிக்கப்பட்ட பழைய தங்க நிற லெஸ் பால்களில் இது எல்லோரும் அறிந்த அடையாளம்.

உறுதி செய்துகொள்ள, பிக்கார்டின் (முன்பக்கத்தில் பிக் உரசாமல் காக்கும் தகடு) திருகுகளைக் கழற்றி அடியில் பாருங்கள். கை படாத அந்த இடத்தில் தங்கம் புதிது போல இருக்கும். பச்சையின் மேல் சற்றே ஈரமான வெள்ளைத் துணியால் மெதுவாக ஒற்றியும் பாருங்கள். பூசணமானால் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். களிம்பானால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் மிஞ்சியுள்ள தங்கமும் போய்விடும்.

தண்டையார்பேட்டை தந்தி:

பச்சைக்கான விளக்கம் மிகச் சரி. ஆனால் பிசுபிசுப்பு அண்மையில் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய லாக்கர் வியர்வையாலும் தோலின் எண்ணெய்ப்பசையாலும் இளகுவது உண்டு; ஆனால் அது பல ஆண்டுகளில் மெதுவாக நடக்கும். சில மாதங்களுக்குள் இளகியிருந்தால் வேறு ஏதோ பட்டிருக்க வேண்டும். வாசிக்கும்போது கைக்குக் கொசு விரட்டும் கிரீம் பூசிக்கொள்கிறீர்களா? அவற்றில் பலவற்றில் டீட் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அது லாக்கரையும் சிலவகை பிளாஸ்டிக்கையும் கரைக்கும். கருவியை எதில் நிறுத்தி வைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை கிட்டார்:

மிக்க நன்றி, அண்ணா. பிக்கார்டைக் கழற்றிப் பார்த்தேன். அதன் வடிவத்திலேயே ஒரு தங்கத் தீவு, எந்த மங்கலும் இல்லாமல் இருக்கிறது. வெள்ளைத் துணியில் அழுக்கு வந்ததே தவிர பச்சை வரவில்லை. கூர்ந்து பார்த்தபோது, பச்சைக்கும் தங்கத்துக்கும் இடையே பழுப்பு கலந்த ஒரு வளையம் தெரிகிறது. அங்கே பூச்சு மெலிந்திருக்கிறது, ஆனால் இன்னும் முழுமையாகப் போகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கொசு கிரீம் பற்றிய கேள்விக்கு: ஆம். எங்கள் வீடு பக்கிங்காம் கால்வாய்க்கு அருகில் இருக்கிறது. மாலையில் மொட்டை மாடியில் வாசிப்பதால் கிரீம் பூசாமல் உட்கார முடியாது. கருவியை நிறுத்துவது ரப்பர் உறை போட்ட ஸ்டாண்டில்தான்.

பெரம்பூர் பழுதுநீக்குநர்:

அப்படியானால் பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கிரீம்தான். தண்டையார்பேட்டை நண்பர் சரியான இடத்தில் கை வைத்தார்.

முதலில் அந்தக் கிரீமை நிறுத்துங்கள். மாடியில் ஒரு மின்விசிறியை வைத்துக்கொண்டு, முழுக்கைப் பருத்திச் சட்டை அணிந்து வாசியுங்கள். இளகிய இடத்தை இப்போது துடைக்க வேண்டாம். காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் சில வாரங்கள் எதுவும் படாமல் கிடத்தி வையுங்கள். லேசாக இளகியதென்றால் மீண்டும் இறுக வாய்ப்புண்டு. இறுகிய பிறகு மேலே அழுக்கு இருந்தால், மென்மையான துணியில் சிறிதளவு நாப்தா (லைட்டரில் ஊற்றும் பெட்ரோலியத் திரவம்) தொட்டு மெதுவாகத் துடைக்கலாம். நாப்தா எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்போ விளக்கோ எரியும் அறையில் செய்யக் கூடாது. அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி, தின்னர், சானிடைசர் ஆகிய எதுவும் அருகில் வர வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

ஸ்டாண்டின் ரப்பரும் லாக்கருக்குப் பகை. ரப்பரிலும் ரெக்சினிலும் உள்ள நெகிழ்வூட்டும் பொருள்கள் லாக்கருக்குள் இறங்கி அழியாத தழும்பை உண்டாக்கும். பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள். தோளில் மாட்டும் பட்டையையும் கழற்றாமல் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டாம்.

பி.யூ. அடிப்பதைப் பற்றி மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் பல நல்ல கருவிகள் வீணாவதைப் பார்க்கிறேன். உப்புத்தாள் ஓடினால் அந்தத் தங்கம் முழுவதும் போகும், மேற்பலகையின் வளைவும் மாறலாம், கருவியின் விலை மதிப்பும் பெருமளவு விழும். யாராவது லாக்கரே அடித்துத் தருகிறேன் என்றாலும், நவம்பர் மழையில் ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெண்மை பூத்துவிடும் என்பது எந்த பாலிஷ்காரருக்கும் தெரிந்த செய்தி.

வண்ணாரப்பேட்டை வாசகர்:

தேய்மானத்தைக் குறையாக எண்ண வேண்டாம், தம்பி. அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி காலகர் 1963இல் கார்க் நகரில் 100 பவுண்டுக்கு வாங்கிய 1961ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில், கடைசியில் பூச்சு என்று சொல்லிக்கொள்ளத் துணுக்குகளே மிஞ்சின. அவர் அதையே தம் வாழ்நாள் முழுவதும் வாசித்தார். 1990களிலிருந்து ஃபெண்டர் நிறுவனமே புதுக் கருவிகளைச் செயற்கையாகத் தேய்த்துக் கூடுதல் விலைக்கு விற்கிறது. உங்களிடம் இருப்பது வாசித்தே வந்த தேய்மானம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பின்பக்கத்தில் மரம் வெளியே தெரியும் இடத்தில் வியர்வை நேராக இறங்கும். ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளுக்கும் எப்போதாவது ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். நம் பக்கத்துக் கடற்காற்றில் பூச்சுக்கு முன்னால் இரும்புதான் போகும்.

கொருக்குப்பேட்டை கிட்டார்:

மிக்க நன்றி, ஐயா. பாலிஷ்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிட்டாரை உள்ளறையில் பருத்தி விரிப்பின் மேல் கிடத்தியிருக்கிறேன். கழுத்தின் பின்புறத்திலும் மேல்பகுதியில் சிறிது பிசுபிசுப்பு இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

தண்டையார்பேட்டை தந்தி:

இதே முறைதான். கிரீம் பூசிய கையால் கழுத்தையும் பிடித்திருப்பீர்கள். இறுகிய பிறகு நாப்தாவால் துடைத்துப் பாருங்கள். அப்போதும் கை ஒட்டினால் பெரம்பூர் அண்ணனிடம் நேரில் காட்டுங்கள், நீங்களாக உப்புத்தாளை எடுக்க வேண்டாம்.